மீன்வண்டிக்கு மாட்டிய சைலன்சர்

காதைக் கொண்டு பிழைப்பவர்கள் இந்த நாட்டில் இரண்டே வகை: தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள், மோட்டார் வாகன ஆய்வாளர்கள். முதல் வகையினருக்குக் கைத்தட்டல் கிடைக்கும். இரண்டாம் வகையைச் சேர்ந்த எனக்கு, என் உத்தியோகத்தின் சரியான பெயர்கூடக் கிடைத்ததில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் போகுமிடமெல்லாம் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'தான். வண்டியில் பிரேக்கைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கக்கூடாது என்பது மக்களின் விருப்பமாக இருக்கலாம்.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் இருக்கவேண்டும். அது வேலை செய்யவேண்டும். ஹாரன் பல சுரங்களில் பாடக்கூடாது. உங்கள் தெருவிலும் இதில் எதற்குமே கட்டுப்படாத ஒரு வண்டி இருக்கும். அது வரும் நேரம் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். அந்த வகையில் நீங்களும் நானும் ஒரே வியாதிக்காரர்கள். எனக்கு அதற்குச் சம்பளம் உண்டு என்பதுதான் வித்தியாசம்.

முந்திரிக்காடு எந்த மண்டலம்?

ஆலங்குடிப் பக்கத்துக் கண்மாய்க்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ராஜமாணிக்கம் என்பவர் என்னைப் பார்க்க வந்தார். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் உட்காரச் சொல்லும்முன்பே உட்கார்ந்தார். தினமும் காலை எட்டு மணிக்கு மணமேல்குடிப் பக்கமிருந்து மொபெட்டில் மீன் விற்க ஒரு பெண் வருகிறாராம். கண்மாய்க்கரையில் வண்டி ஏறும்போதே ஊர் முழுக்க டமடமவென்று அதிருமாம். அது சரியாக இவர் செய்தித்தாளில் தலையங்கம் படிக்கும் நேரமாம்.

எனக்கு எதையும் விதியிலிருந்து தொடங்கித்தான் பழக்கம். ஒலி பற்றிய விதிகள் பூமியை நான்காகப் பிரிக்கின்றன: தொழிற்பகுதி, வணிகப்பகுதி, குடியிருப்புப்பகுதி, அமைதிப்பகுதி. "உங்க வீடு இதுல எதுல வருது?" என்றேன். அவர் யோசித்தார். வீட்டுக்கு முன்னால் கடலை காயப்போடும் களம், பின்னால் முந்திரிக்காடு, இடதுபக்கம் மாட்டுக் கொட்டகை, வலதுபக்கம் மாவு மில். விதியை எழுதியவர் முந்திரிக்காட்டைப் பார்த்ததில்லை என்று எனக்கு அன்று புரிந்தது. நான் மாவு மில்லை வைத்துத் தொழிற்பகுதி என்று வாதிடலாமா, வீட்டை வைத்துக் குடியிருப்பு என்று கொள்ளலாமா என்று உரக்கச் சிந்தித்துக்கொண்டிருந்தேன். ராஜமாணிக்கம் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எந்த மண்டலமா வேணாலும் வச்சுக்கங்க சார். எட்டு மணிக்கு நான் தலையங்கம் படிக்கணும், அம்புட்டுத்தான்."

எங்களுக்குப் பவர் இல்லாத சத்தம்

ஒலி அளக்கும் மானி எங்கள் அலுவலகத்தில் ஒன்றுதான். அதை மெத்தை வைத்த பெட்டியில், கல்யாணப் பெண்ணின் நெக்லஸைப்போல வைத்திருக்கிறோம். பெட்டியோடு அந்த ஊருக்குப் போனேன். மீன்காரப் பெண்ணின் பெயர் மேரி. நாற்பது வயதிருக்கும். தலையில் ஹெல்மெட் போட்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன் நான்தான் போடவைத்தேன். சைலன்சரைக் குனிந்து பார்த்தேன். பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டி அதன் அடிவயிற்றையே தின்றிருந்தது. வீம்புக்காகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்ட வண்டி அல்ல இது. மீன் விற்றதால் வந்த சத்தம். ஆனால் மானிக்குக் காரணம் கேட்கத் தெரியாது.

அளப்பதற்கும் ஒரு விதி உண்டு. வண்டியின் சத்தத்தைவிடச் சுற்றுப்புறத்தின் சத்தம் நன்றாகக் குறைந்திருக்கவேண்டும். அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு காதுகுத்து. பந்தலின் இரண்டு பக்கமும் குழாய் ஸ்பீக்கர். குழந்தைக்குக் காது குத்துவதற்கு முன்பே ஊருக்குக் குத்திவிட்டார்கள். மேரியின் மொபெட் அங்கே பக்திமானைப்போல அடக்கமாக இருந்தது. ஆகவே வண்டியை முந்திரிக்காட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனோம். மானியை எடுத்தேன்; மயில் அகவியது. மயில் நின்றது, மேரி முறுக்கினார், சத்தத்துக்குப் பயந்து இன்னும் நான்கு மயில்கள் அகவின. "ஐஸு உருகுது சார்" என்றார் மேரி, மரியாதையாக. டெசிபல் என்பது மடக்கைக் கணக்கு, இரண்டு சத்தங்களை அப்படியே கூட்டக்கூடாது என்று நான் விளக்கத் தொடங்கினேன். எங்கள் ஜீப் டிரைவர் முருகேசன் காட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"மயில நம்ம ஒண்ணும் செய்ய முடியாது சார். அது பாரெஸ்ட்டு. நமக்குப் பவரு இருக்குறது இந்த அம்மாமேல மட்டும்தான்."

வாடகைக்கு நல்ல சைலன்சர்

பவர் இருந்ததால் பயன்படுத்தினேன். ஒரு வாரத்துக்குள் கம்பெனி சைலன்சர் மாட்டி வந்து காட்டவேண்டும் என்று மேரிக்குச் சொன்னேன். பிடிபட்ட எல்லோருக்கும் நான் சொல்வதுதான். அவர்களும் தவறாமல் வந்து காட்டுவார்கள், நான் பார்ப்பேன், அவர்கள் போவார்கள். நாடு அமைதியாகிக்கொண்டு வருகிறது என்ற திருப்தியில் சிலகாலம் இருந்தேன்.

அந்த வாரம் ஒரு பைக் வந்தது. அதன் சைலன்சரில் முனைக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டியின் காது மாதிரி ஒரு நெளிசல். அடுத்து வேறொரு பைக், அதே நெளிசல். மூன்றாவது பையனின் பைக்கிலும் அதைப் பார்த்தபோது, நான் சைலன்சரைக் கேட்கவில்லை, பையனைக் கேட்டேன். எங்கள் அலுவலகத்துக்கு எதிரில் இருந்த மெக்கானிக் காசியின் கடையைக் காட்டினான். ஒரிஜினல் சைலன்சரைக் காசி மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார். மாட்டி, என்னிடம் காட்டி, கழற்றிக் கொடுத்துவிட்டு, பழையபடி வெடித்துக்கொண்டு போகலாம். அதைப் பறிமுதல் செய்ய எனக்கு ஆசைதான். ஆனால் அந்த ஊரிலேயே சட்டத்துக்கு முற்றிலும் உட்பட்ட ஒரே சைலன்சர் அதுதான். எந்தப் பிரிவில் அதைக் கைப்பற்றுவது? மேரியும் இங்கேதான் வாடகைக்கு எடுத்தாரா என்று காசியிடம் கேட்டேன்.

"மொபெட்டுக்கு யாரு சார் வாடகைக்குக் கேக்குறா? அதெல்லாம் நம்மகிட்ட இல்ல. அந்தம்மா வெவரம் தெரியாம நெசமாவே புதுசு வாங்கி மாட்டிட்டுப் போயிருச்சு."

ஓடாத வண்டி

என் முயற்சியால் அமைதியடைந்த ஊரை ஒருமுறை காதால் கேட்டுவிட்டு வரவேண்டும் என்று மறுவாரம் போனேன். மேரியின் வண்டி பூனைபோலப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் இறங்கிய நேரத்திலோ ராஜமாணிக்கத்தின் வீட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டகையிலிருந்து இடி இடித்தது. உள்ளே கருப்பையா என்ற காளைக்காரர், சைலன்சரே இல்லாத ஒரு பழைய பைக்கைக் கட்டையில் நிறுத்தி முறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய ஜல்லிக்கட்டுக் காளை புண்ணாக்கு தின்றுகொண்டிருந்தது. வாடிவாசலில் கூட்டத்தின் இரைச்சலுக்கு மிரளாமலிருக்கக் காளைக்குச் சத்தம் பழக்குகிறாராம். "வண்டி ஓடலையே சார், நின்னுக்கிட்டுத்தான இருக்கு" என்றார். எனக்கும் அது உறைத்தது. என் அதிகாரம் பொது இடத்தில் போகும் வண்டிமேல்தான். சொந்தக் கொட்டகையில் காளைக்குப் பாடம் நடத்தும் வண்டியை எங்கள் சட்டம் கற்பனைகூடச் செய்யவில்லை.

ராஜமாணிக்கம் முற்றத்தில் உட்கார்ந்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, தலையங்கம் படித்துக்கொண்டிருந்தார். மீன்வண்டி தெருவைக் கடந்துபோக எவ்வளவு நேரம் ஆகும்? இந்த இடி அரை மணியாக இடிக்கிறது. இதைப்பற்றி ஏன் புகார் தரவில்லை என்று கேட்டேன். அவர் பஞ்சை எடுத்துவிட்டு, கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மீன்காரம்மா வெளியூரு சார். காளைமேல மனுப் போட்டுட்டு இந்த ஊருல நான் நல்லது கெட்டதுக்குப் போக வேணாமா?"

புளி ஊறும் நேரம்

ஜீப்பில் ஏறப்போனவனை ஏழெட்டுப் பெண்கள் மறித்தார்கள். முன்னால் நின்றவர் ராஜமாணிக்கத்தின் மனைவி சிவகாமி. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: மீன் எங்கே? எனக்கு விளங்கவில்லை. சிவகாமி விளக்கினார். கண்மாய்க்கரையில் வண்டிச் சத்தம் கேட்டதும் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் புளியை ஊறப்போடுவார்கள். வண்டி கோயிலைத் தாண்டும்போது சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். மேரி வந்து நின்று, செதில் எடுத்துக் கொடுத்து முடிக்கும்போது புளி கரைக்கப் பதமாயிருக்கும். சத்தம் இல்லாமல் போனதிலிருந்து யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. எல்லோரும் பின்கட்டில் வேலையாக இருக்கிறார்கள். வண்டி முன்வாசலில் போய்விடுகிறது. முன்னாலேயே வந்து தெருவில் நிற்கலாமே என்றேன். எல்லாப் பெண்களும் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். மீன் வருமுன் சட்டியோடு தெருவில் நிற்பது அந்த ஊரில் பெரிய இளப்பமாம். 'மீனுக்கு அலையிற வீடு' என்று பெயர் வந்துவிடுமாம்.

மேரியைத் தேடிப்பிடித்தேன். ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாறை மீனும் சங்கராவும் முக்கால் பெட்டி மிச்சம். இந்த ஊரில் பாதிப் பெட்டி விற்றால்தான் அவருக்கு அன்றைய பாடு கழியும். மற்றவையெல்லாம் சின்ன ஊர்கள். விற்காததை உப்புத் தடவிக் காயவைப்பதைத் தவிர வழியில்லை. கருவாட்டுக்கு மீன் விலை யார் தருவார்கள்? "கூவி விக்கக்கூடாதாம்மா?" என்று கேட்டேன். மேரி தலையிலிருந்த ஹெல்மெட்டை விரலால் தட்டிக் காட்டினார்.

"இதுக்குள்ள இருந்து கூவுனா எனக்கு மட்டுந்தான் சார் கேக்குது. நீங்க இங்கிட்டும் சட்டம் போட்டு அங்கிட்டும் சட்டம் போட்டு என்னயக் கருவாட்டுக்காரி ஆக்கிட்டீங்க."

சட்டப்படியான ஹாரன்

அடுத்த பதினைந்து நாட்கள் நாங்கள் இருவரும் சேர்ந்து, சட்டத்துக்குள் அடங்கும் ஒரு சத்தத்தைத் தேடினோம். முதலில் மேரி யாரையும் கேட்காமல் ஒரு பாட்டு ஹாரன் மாட்டிவந்தார். அமுக்கினால் ஒரு பல்லவி முழுவதும் பாடியது. ஊரே வாசலுக்கு வந்தது, நானும் வந்தேன். பல சுரம் கூடாது என்று கழற்றச் சொன்னேன். அடுத்து, 'மீனு மீனு' என்று அவருடைய குரலையே பதிவு செய்து ஒரு சின்ன ஒலிபெருக்கியில் வைத்தார். அதற்குக் காவல்துறை அனுமதி வேண்டும். கேட்கப் போனவரிடம், எந்த நிகழ்ச்சிக்கு, எந்தத் தேதியில், யார் தலைமையில் என்று கேட்டார்களாம். மீன் விற்பதற்குத் தலைமை தாங்க ஆள் இல்லாததால் மேரி திரும்பி வந்துவிட்டார். அவர் திரும்பிய வழியில் ஜவுளிக்கடைத் திறப்புவிழாவுக்கு நான்கு ஒலிபெருக்கிகள் முழங்கிக்கொண்டிருந்தன. அங்கே தலைமை தாங்கவும் முன்னிலை வகிக்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

கடைசியில் நானே விதியை எடுத்து நிதானமாகப் படித்து ஒரு யோசனை சொன்னேன். வண்டியோடு வந்த கம்பெனி ஹாரன். ஒரே சுரம். தன் வருகையைப் பிறருக்குத் தெரிவிக்கும் அளவுக்குச் சத்தம் இருக்கவேண்டும் என்று விதியே சொல்கிறது. ஊருக்குள் நுழையும்போது அதை அடித்துக்கொண்டே போகலாமே. என் சட்ட அறிவில் எனக்கே ஒரு பெருமிதம் ஏற்பட்டது. நான்கு நாள் கழித்து மேரியை வழியில் பார்த்து, பலன் எப்படி என்று கேட்டேன்.

"அந்த ஹாரன் எல்லா வண்டியிலயுந்தான இருக்கு சார். அடிச்சா ஆடு வெலகுது. ஆளு வரல."

பொதுமக்கள் கவனத்திற்கு

தீர்வைக் கண்டுபிடித்தது சட்டமல்ல, சிவகாமி. ராஜமாணிக்கத்துக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. மூன்று வாரமாக மோர்க்குழம்பு ஊற்றிய சிவகாமி, நான்காவது வாரம் மோரையும் நிறுத்திவிட்டு ரசத்துக்கு வந்தார். சத்தத்தை நிறுத்தியவரே போய்ச் சத்தம் கொடுக்கட்டும் என்று தீர்ப்பும் சொன்னார். சர்க்கரைக்காகத் தினமும் கண்மாய்க்கரையில் நடக்கிற மனிதர்தானே. மேரி வருவதைப் பார்த்ததும் ஊருக்குள் வந்து சொல்லவேண்டும். முதல் நாள் ராஜமாணிக்கம் தெருவில் போகிறவர்களிடம் தணிந்த குரலில், ஊழல் தகவல் சொல்வதுபோலச் சொன்னாராம். நான்கு பேர் வந்தார்கள். மறுநாள் கொஞ்சம் உரக்க. ஒரு வாரத்தில் அவருக்குள்ளிருந்த தாலுகா அலுவலகம் விழித்துக்கொண்டது.

ஒரு காலை நானே போய்க் கேட்டேன். "பொதுமக்கள் கவனத்திற்கு! சங்கரா வந்துள்ளது. பாறை வந்துள்ளது. நகரை குறைந்த அளவே உள்ளதால் முந்துபவருக்கு முன்னுரிமை!" கண்மாய்க்கரை முதல் கோயில் வரை, தெருவுக்கு மூன்று முறை. அடிவயிற்றிலிருந்து வரும் குரல். புளி ஊறியது, சட்டிகள் வாசலுக்கு வந்தன, மேரியின் பெட்டி கோயிலருகிலேயே பாதி காலியானது. தலையங்கத்தை அவர் மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் மகிழ்ச்சியோடு ஜீப்பை நோக்கி நடந்தபோது கருப்பையா வழியில் நின்றார். முகத்தில் கவலை.

"சைலன்சர் இல்லாத வண்டிக்கே அசையாத காளை சார். இவரு சத்தம் போட்டா கயித்த அத்துக்கிட்டு ஓடுது. இவருக்கு ஏதாச்சும் மாட்டி விட முடியுங்களா?"

மறுபடியும் ஒரு புகார்

உப்புத்தண்ணீர் அரசாங்க உத்தரவுகளைப் படிப்பதில்லை. அடுத்த கோடைக்குள் மேரியின் புது சைலன்சரிலும் ஓட்டை விழுந்தது. கண்மாய்க்கரை மறுபடி டமடமவென்று அதிர்ந்தது. ஊர்ப் பெண்கள் நிம்மதியாகப் பின்கட்டுக்குத் திரும்பினார்கள். யாரும் யாரையும் எதிர்பார்க்கத் தேவையில்லை என்றாகிவிட்டது. இதோடு கதை முடிந்தது என்று நானும் நினைத்தேன். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

ராஜமாணிக்கம் அலுவலகத்துக்கு வந்தார். இந்தமுறை உட்காரவில்லை. மீன்வண்டியின் சத்தம் பொறுக்கமுடியவில்லை, உடனே நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றார். தலையங்கமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு "பொதுமக்கள்" என்று தொடங்கும்முன்பே வண்டி வந்துவிடுகிறதாம். "இந்தச் சத்தத்துல நான் சொல்றது யாருக்கு சார் கேக்கும்? ஒரு வருசமா ஊருக்குத் தகவல் சொல்லிக்கிட்டிருந்தவன். இப்ப ஒரு ஆளு என்னயத் திரும்பிப் பாக்குறதில்ல." புகார் என்று வந்துவிட்டால் நான் போயாகவேண்டும். பெட்டியில் மானியோடு போய்க் கண்மாய்க்கரையில் மேரியை நிறுத்தினேன். ராஜமாணிக்கமும் ஜீப்பிலிருந்து இறங்கி என் பின்னால் நின்றார். வண்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சைலன்சர்மேல் விழுந்துகொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். மேரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"எந்தச் சத்தத்த வச்சுக்கிறதுன்னு நீங்களும் அவரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க சார். ரெண்டுல எது இருந்தாலும் எனக்கு யாவாரம் ஆயிரும். இப்ப ஐஸு உருகுது."

அரசு ஊழியரைப்போலவே சத்தத்தையும் ஒழிக்க முடியாது, இடமாறுதல் மட்டுமே செய்ய முடியும் என்பதுதான் என் பணிக்காலத்தில் நான் கண்டுபிடித்த ஒரே விதி.